தண்ணீருக்குக் கடைசி நேரம் கிடையாது

கல்லூரியில் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அசைன்மென்ட், செமினார், தேர்வுக் கட்டணம் எதுவானாலும் அந்தத் தேதிக்கு முந்தைய ராத்திரிதான் எங்களுக்கு வேலை நாள். செமஸ்டர் முழுக்கப் புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிட்டு, தேர்வுக்கு முன் இரண்டு நாள் உட்கார்ந்து நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள் என் வகுப்பிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அது ஒரு திறமைதான், எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் என் மேசை மேல் இருக்கும் 30 லிட்டர் தொட்டியிடம் அந்தத் திறமை செல்லாது. அங்கே வாரக்கணக்கில் நடக்க வேண்டிய வேலையை ஒரே ராத்திரியில் நடத்த முடியாது. ஒரு மாதம் விட்டதை ஒரே நாளில் சரிசெய்யப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். மீன் வளர்க்கும் மாணவராக நான் வாழ்வதில் எனக்கு மிகப் பிடித்த பகுதியே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் மீன். கருநீல உடம்பு, வாலின் ஓரத்தில் சிவப்பு. கட்டையில் நூலால் கட்டிவைத்த அனுபியாஸ் செடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மேலே மூடி. அவ்வளவுதான். "மீன் என்றால் தொந்தரவே இல்லை, தீனி போட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். மீன் தொந்தரவு தராது என்பது உண்மை. குரைக்காது, கதவைச் சுரண்டாது. ஆனால் அது குடியிருக்கும் தண்ணீருக்கு ஒரு உயிர்ப்பு இருக்கிறது. மாணவருக்கு வரும் வேலையெல்லாம் அங்கேதான்.

தொட்டி வாங்கிய அன்றே மீனை விடக்கூடாது என்பது மீன் வளர்ப்பின் முதல் பாடம். அதன் காரணம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. மீன் எந்நேரமும் செவுள் வழியாக அம்மோனியா என்ற விஷத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் மக்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். ஆற்றில் அது பரவிப் போய்விடும். 30 லிட்டரில் எங்கே போகும்? நல்லவேளையாக, அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. நைட்ரைட்டும் விஷம்தான்; ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் இருக்கிறது. நைட்ரேட் குறைந்த அளவில் பெரிய கெடுதல் செய்யாது. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது நாம் வெளியேற்றலாம்.

இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கட்டையிலும் ஒட்டிப் பெருக வேண்டும். பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்தோமே, அது வேறு வகை. இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம் எடுக்கும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால் ஒரு புதுத் தொட்டி தயாராக வழக்கமாக 4 முதல் 6 வாரம் வரை பிடிக்கும். அதுவரை மீன் இல்லாத தண்ணீரில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, காத்திருக்க வேண்டும். இதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். மீனே இல்லாத தொட்டியை ஒருவன் தினமும் சோதித்துப் பார்ப்பது அறைக்கு வந்த நண்பர்களுக்கு விளங்கவே இல்லை. "மீன் எங்கடா?" என்று கேட்காதவர் இல்லை.

நான் படிப்பது வணிகவியல். சோதனைக்கூடம் என்பதே எங்கள் துறையில் கிடையாது. அதனால் டெஸ்ட் கிட்டைத் திறந்து சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டி, நிறம் மாறுவதைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பெரிய கொண்டாட்டம். என்னிடம் இருக்கும் கிட்டில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் வெளிர்நீலம், இருந்தால் ஊதா. முதலில் பச்சை ஏறும். அப்புறம் ஒரு நாள் பச்சை வெளிறி, ஊதா தலைகாட்டும். அந்த ஊதாதான் பொறுமையைச் சோதிக்கும். நாள் கணக்கில் அசையாமல் நிற்கும். பிறகு அதுவும் இறங்கி, நைட்ரேட் குழாய் மட்டும் ஆரஞ்சாகும். கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு கூட்டம் வேலையில் சேர்ந்துவிட்டது என்று அந்த நிறம் சொல்கிறது.

அம்மோனியா முதலில் ஒரு கூட்டத்திடம், பிறகு இன்னொரு கூட்டத்திடம் கைமாறுகிறது என்பதை 1890 வாக்கில் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்புப் புத்தகங்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதோடும் முடியவில்லை. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பதை 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது ஒரு மீன் பண்ணையின் ஃபில்டரில். நூறாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகம் 'இரண்டு பேர் வேலை' என்று சொல்லிவந்ததற்கு ஒரு மீன் பண்ணை ஃபில்டரிலிருந்து திருத்தம் வந்திருக்கிறது. என் ஸ்பாஞ்சைப் பிழியும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

பிழிவது என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக்கூடாது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த அந்தக் கூட்டத்தைக் கொல்லும். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கிவிட்டால் போதும். பளிச்சென்று ஆக வேண்டிய அவசியம் இல்லை.

என் நாள் காலையில் தொட்டி முன்னால்தான் தொடங்குகிறது. பல் துலக்கும் முன்பே ஒரு பார்வை. துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா, உடம்போடு ஒட்டியிருக்கின்றனவா? செவுள் வேகமாக அடிக்கிறதா? வெப்பமானி 26-இல் நிற்கிறதா? மேலே வந்து காற்று வாங்குகிறானா? ஃபைட்டருக்குத் தலைக்குள் லேபிரிந்த் என்ற ஓர் உறுப்பு இருக்கிறது. தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி அதன் வழியாகவும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சின்னக் கிண்ணத்திலும் பாட்டிலிலும் அடைத்து வைத்தாலும் உடனே சாவதில்லை. உடனே சாகாததை வாழ்வது என்று எடுத்துக்கொண்டு, அதைக் கைப்பிடி அளவு தண்ணீரில் வைத்து விற்பதையும் வளர்ப்பதையும் என்னால் ஏற்கவே முடியாது. மூச்சுக்கு வழி இருந்தாலும் அம்மோனியா அதே அம்மோனியாதான். குறைந்தது 20 லிட்டர், ஃபில்டர், சீரான வெப்பம் இவை இல்லாமல் ஃபைட்டர் வாங்க நினைக்கும் நண்பர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

பார்த்து முடித்ததும் தீனி: நாலைந்து சின்ன உருண்டைகள். ஃபைட்டரின் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். உருண்டை ஊறினால் உப்பும், அதனால் குறைவாகவே போடுவேன். வகுப்புக்குக் கிளம்பும் முன் அது நுரைக்கூடு கட்டியிருந்தால் அன்று எனக்கு நல்ல நாள். ஆண் ஃபைட்டர் எச்சில் கலந்த காற்றுக் குமிழிகளை மேற்பரப்பில் அடுக்கிக் கூடு கட்டும். பெண் முட்டையிட்டால் அவற்றை வாயால் பொறுக்கி அந்தக் குமிழிகளில் வைத்துக் காவல் காக்கும். பெண் இல்லாவிட்டாலும் கட்டும். செடி இலையின் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு நுரை திரண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மூடியைப் பூப்போல இறக்கிவைத்துவிட்டுப் போவேன்.

என் அறைத்தோழனுக்கு ஆரம்பத்தில் இதில் ஆர்வமே இல்லை. ஒரு நாள் கண்ணாடி அருகே விரலைக் கொண்டுபோனான், மீன் நேராக அவனிடம் வந்தது.

"டேய், இது என்னைப் பார்த்து வருதா, தீனியைப் பார்த்து வருதா?"

"ரெண்டும்தான். இப்போ உன் கையில தீனி இல்லையே, ஏன் வந்துச்சு?"

மீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகம் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். அது வெறும் கட்டுக்கதை. தங்கமீன்களுக்குப் பழக்கிய விஷயம் மாதக்கணக்கில் நினைவில் நிற்கிறது. வில் மீன் என்ற இனம் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும். 2016-இல் வெளியான ஆய்வில், திரையில் காட்டிய மனித முகங்களில் பழகிய முகத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 44 புது முகங்கள் காட்டப்பட்டபோதும் பழகிய முகத்தை அவை கண்டுகொண்டன. என் ஃபைட்டருக்கு முகம் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் யாரோ ஒரு ஆள் வருகிறான் என்று அதற்குத் தெரிகிறது. அன்றிலிருந்து தோழனும் காலையில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறான்.

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றம். ஞாயிறு காலை, கால் பங்கு. சைஃபன் குழாயால் அடிக்கழிவை உறிஞ்சி எடுத்து, அதே வெப்பத்தில் இருக்கும் தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். குளோரினைப் போக்க ஒருநாள் பக்கெட்டில் திறந்து வைத்தால் போதும் என்பது பழைய வழி. குளோரினுக்கு அது சரிப்படும். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள், அது அவ்வளவு எளிதில் பறந்துபோகாது. அதனால் நான் குளோரின் முறிக்கும் மருந்தையே நம்புகிறேன். கணக்கு எளிது. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்தால் கால் பங்கு மாற்றினால் 30, பாதி மாற்றினால் 20. அப்படியானால் மாதம் ஒருமுறை முழுசாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். நைட்ரேட்டுக்கு மட்டும் பார்த்தால் சரி. ஆனால் தண்ணீரின் பிஎச், உப்புகள், வெப்பம் எல்லாம் ஒரே நாளில் தலைகீழானால் மீனின் உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக, அதே நாளில், அதே அளவில் செய்வதுதான் அதற்கு நல்லது.

இந்தச் சீரான சின்ன வேலைகள் மனிதருக்கும் ஏதோ செய்கின்றன. 2015-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் வகை நீரிழிவு உள்ள 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு மீன் தொட்டி கொடுத்தார்கள். காலையும் மாலையும் மீனுக்குத் தீனி போடும்போதே தங்கள் ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது பெற்றோருடன் சர்க்கரைக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும். மூன்று மாதத்தில் அவர்களுடைய ஏ1சி அளவு, அதாவது சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, சராசரியாக 0.5 சதவீதப் புள்ளி குறைந்தது. மீன் இல்லாத பிரிவில் 0.8 ஏறியிருந்தது. சின்ன ஆய்வுதான். என்றாலும், தனக்காகச் செய்யச் சலிக்கும் ஒரு வேலையை இன்னொரு உயிருக்கான வேலையோடு கோத்துவிட்டால் அது நடந்துவிடுகிறது என்பதை நான் என் அறையிலேயே பார்க்கிறேன். ஞாயிறு தொட்டி வேலை முடிந்த கையோடு அந்த வாரப் பாடக் குறிப்புகளை எடுத்து எழுதுகிறேன். செமஸ்டர் கடைசியில் குவியும் வேலை பாதியாகிவிட்டது.

ராத்திரி விஷயத்தில்தான் எனக்கும் மீனுக்கும் நேரெதிர். நாங்கள் விடிய விடிய விழித்திருக்கும் கூட்டம். மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொள்ள முடியாது, இருட்டு வந்தால்தான் அதற்கு ஓய்வு. ஃபைட்டர் பகலில் சுற்றித் திரிந்துவிட்டு ராத்திரி ஓர் இலைமேல் படுத்துக்கொள்ளும், முதல்முறை பார்ப்பவர் பயந்துபோவார். தொட்டி விளக்கை டைமரில் போட்டிருக்கிறேன், எட்டு மணி நேரத்தில் அணைந்துவிடும். ஆனால் அறை விளக்கு எரிந்தால் என்ன பயன்? அதனால் பெரிய விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை எதிர்ப்பக்கம் திருப்பிவைத்துப் படிக்கிறோம். தேர்வு நெருங்கும்போது நாலைந்து பேர் சேர்ந்து படிக்க வருவார்கள். அவர்களுக்கும் இந்த விதி பழகிவிட்டது, வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள்.

தேர்வு வாரத்தில் தொட்டியில் எதையும் புதிதாகச் செய்யமாட்டேன். புதுச் செடி, புது மருந்து, இடமாற்றம் எல்லாம் பிறகுதான். தீனியைக் கொஞ்சம் குறைப்பேன். உள்ளே போவது குறைந்தால் அம்மோனியாவும் குறையும், ஒருநாள் தண்ணீர் மாற்றம் தள்ளிப்போனாலும் தொட்டி தாங்கும். மின்சாரம் போனால்? ஃபைட்டர் மேலே வந்து காற்று வாங்கிக்கொள்ளும், அதைப்பற்றிக் கவலை குறைவு. ஸ்பாஞ்சில் இருக்கும் கூட்டத்துக்குத்தான் ஆக்சிஜன் வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கிறது. வேறு மீன்கள் வைத்திருப்பவர்களுக்கு வெயில் காலத்தில் இது இன்னும் அவசியம்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.5 தான்.

விடுமுறைதான் மாணவருக்குப் பெரிய கேள்வி. பலரும் தீனியை நினைத்துத்தான் பதறுகிறார்கள். மீன் குளிர் ரத்தப் பிராணி. உடம்பைச் சூடாக வைத்திருக்க அது சக்தி செலவழிப்பதில்லை. நன்றாக இருக்கும் வளர்ந்த ஃபைட்டர் நாலைந்து நாள் தீனி இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பசியைவிட ஆபத்தானவர், "பாவம், பசிக்குமே" என்று டப்பாவைக் கவிழ்க்கும் அன்பான நண்பர். நீண்ட விடுமுறைக்கு நான் செய்வது இது: வாரத்துக்கு ஏழு அறைகள் கொண்ட மாத்திரை டப்பாவில் இரண்டு நாளுக்கு ஒரு வேளை என்று தீனியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மிச்ச டப்பாவைப் பூட்டி வைத்துவிடுவேன். பார்த்துக்கொள்பவர் மாத்திரை டப்பாவின் ஓர் அறையைத் திறந்து கொட்டினால் வேலை முடிந்தது.

கல்லூரியில் மீன் வாங்க நினைப்பவர்கள் கடையில் நிறத்தைப் பார்க்கும் முன் ஆயுளைப் பார்க்க வேண்டும். படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள். ஃபைட்டர் 2 முதல் 4 ஆண்டு, கப்பி ஏறக்குறைய இரண்டு. தங்கமீன் 10 ஆண்டைத் தாண்டி வாழும்; பிரிட்டனில் டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டு வாழ்ந்து 1999-இல் இறந்தது. கை நீளத்துக்கு மேல் வளரும் சக்கர் மீனும் அப்படித்தான், பட்டம் வாங்கிய பிறகும் அது இருக்கும். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் குளத்தில் விட்டுவிடலாம் என்பது வழியே அல்ல. கப்பியும் சக்கரும் தங்கமீனும் தங்கள் ஊரல்லாத நீர்நிலைகளில் உலகம் முழுக்கப் பரவி, அங்கிருந்த மீன்களுக்கு இடைஞ்சலாகியிருப்பதில் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றுக்கும் பங்கு உண்டு. இன்னொன்று, விடுதியில் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். பல இடங்களில் எந்த உயிரும் கூடாது, சில இடங்களில் மீனுக்கு மட்டும், அதுவும் அளவு வரம்போடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டி கண்ணாடியும் கல்லும் சேர்த்து ஒரு ஆளின் எடை இருக்கும், விடுதி மேசை தாங்குமா என்று பாருங்கள்.

இந்த ஆண்டோடு என் படிப்பு முடிகிறது. மீன் என்னோடுதான் வருகிறது. முந்தைய நாள் தீனி கிடையாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, வெளியே துணி சுற்றி இருட்டாக்கி எடுத்துப் போவேன். ஸ்பாஞ்சையும் கட்டையையும் காயவிடாமல் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் தனியாக. போன இடத்தில் முதல் வாரம் தினமும் அம்மோனியா பார்க்க வேண்டும்.

ஆனால் ஸ்பாஞ்ச் முழுசாக வரப்போவதில்லை. அறைத்தோழன் ஒரு தொட்டி வாங்கிவிட்டான். அனுபியாஸின் தண்டை வெட்டி ஒரு துண்டும், ஸ்பாஞ்சில் பாதியும் கொடுத்திருக்கிறேன். பழகிய ஸ்பாஞ்ச் இருந்தால் சைக்கிளிங் சீக்கிரம் முடியும். நேற்று அவன் காட்டிய குழாயில் நைட்ரைட் இன்னும் ஊதாதான். தேர்வு முடிவதற்குள் இறங்கிவிடுமா என்று கேட்டான். இறங்கினாலும் தேர்வு முடிந்தபின் மீன் வாங்கு என்றேன். "சரி, அதுவரைக்கும் தண்ணியைப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றான்.